ரோஸ்லின் டீச்சரும் நான் எழுதிய நோட்டீசும்

ரோஸ்லின் டீச்சர் இறந்த செய்தி எனக்கு ஒரு வேலையோடு சேர்ந்து வந்தது. காலை பத்து மணி இருக்கும். பள்ளி அலுவலகத்திலிருந்து எழுத்தர் கூப்பிட்டார். "சார், நம்ம மியூசிக் டீச்சர் காலமாயிட்டாங்க. திருவனந்தபுரத்துல வச்சு. நாளைக்கு மூணு மணிக்கு முட்டத்துல அடக்கம். கேட்டுக்குப் பக்கத்துல ஒரு ஃபிளெக்ஸ் வைக்கணும்னு கரஸ்பாண்டன்ட் சொல்லுகாரு. நாலு வரி நல்ல தமிழ்ல எழுதித் தந்தியள்னா பிரஸ்ஸுக்குக் குடுத்திரலாம்" என்றார். போனை வைக்கும் முன், "அந்தச் சுனாமி இசையஞ்சலி நடத்தினாங்கல்லா, அத முதல்ல போட்டா நல்லாயிருக்கும்" என்று எடுத்துக் கொடுத்தார்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் ஒன்றும் நின்றுபோகவில்லை. மறுநாள் பள்ளி வாசலில் ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் நின்றது. 'ஆழிப்பேரலையில் மாண்டோர்க்கு இசையால் மாலை தொடுத்த மாதரசி' என்று அதில் இருந்தது. அதை எழுதியவன் யார் என்று எனக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய நோட்டீசைக் கோப்பிலிருந்து எடுத்து, 'மாதரசி'யை மட்டும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.

அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் பாட்டுப் படித்தவர்களும் சேர்ந்து நினைவு மலர் கொண்டுவருகிறீர்கள். என்னிடமும் கட்டுரை கேட்டிருக்கிறீர்கள். அவரைப் புகழ்ந்து எழுத நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள். நான் அந்த நோட்டீசைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மலருக்குச் சரிவராது என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், எனக்கு வருத்தம் இல்லை.

டீச்சர் முட்டத்துக்காரர். தகப்பனார் கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போனவர். மடத்து விடுதியில் தங்கிப் படித்தபோது அங்கே ஒரு சிஸ்டரிடம் பியானோ கற்றுக்கொண்டு, சென்னைக்குப் போய்ப் பரீட்சைகள் எழுதித் தேறியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாகர்கோவிலில் நம் பள்ளியில் அவர் இசை ஆசிரியையாக வந்து சேர்ந்தபோது நான் அங்கே தமிழாசிரியராகச் சேர்ந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. வந்த முதல் வாரமே ஒரு தகராறு. காலை வழிபாட்டில் கடவுள் வாழ்த்து முடிந்ததும் பள்ளி ஆர்மோனியத்தின் கடைசிச் சுரத்திலிருந்து கையை எடுக்காமல், அது முழுக்க அடங்கும்வரை உட்கார்ந்திருப்பார். வெயிலில் ஆயிரம் பிள்ளைகள் நிற்பார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் பொறுக்க முடியாமல் விசிலை ஊதிவிட்டார். டீச்சர் எழுந்து போய், "மாஸ்டர், அது இன்னும் முடியல்லியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் இன்னும் வரவில்லை என்று ஒருவருக்குத் தகவல் சொல்வதுபோலச் சொன்னார். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து விசில் கொஞ்சம் பொறுத்துத்தான் ஊதப்பட்டது.

பள்ளிக்குப் பியானோ வந்தது அதற்குப் பிறகு. குலசேகரத்தில் ரப்பர் வியாபாரம் செய்யும் ஒரு பெரிய மனிதர், தன் வீட்டு முன்னறையில் யாரும் தொடாமல் கிடந்த பியானோவைத் தகப்பனார் நினைவாக நமக்குக் கொடுத்தார். கோயில் டியூப்லைட்டில் எழுதுவதுபோல, அதன் நெற்றியில் வெள்ளைப் பெயிண்டில் உபயம் என்று போட்டுத் தன் பெயரையும் தகப்பனார் பெயரையும் எழுதியே அனுப்பியிருந்தார். டீச்சர் அதன்மேல் ஒரு பூப்போட்ட துணியைத் தொங்கவிட்டார். புரவலர் பள்ளிக்கு வரும் நாட்களில் தலைமையாசிரியர் மறக்காமல் ஆளனுப்பி அந்தத் துணியை எடுக்கச் சொல்வார்.

டீச்சருக்கு ஒரு தம்பி இருந்தார். வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. தங்கியவர்கள் விட்டுப்போன சாமான்களை யாரும் தேடி வராவிட்டால் சில மாதம் கழித்து வேலைக்காரர்களுக்குள் பங்கு வைப்பார்களாம். மற்றவர்கள் வாட்சும் கண்ணாடியும் எடுப்பார்கள். தம்பி சி.டி.க்களை எடுத்து, லீவில் ஊருக்கு வருகிறவர்களிடம் அக்காவுக்குக் கொடுத்துவிடுவார். அப்படி வந்த ஒன்றைக் கேட்கச் சொல்லி ஒருநாள் மதிய இடைவேளையில் டீச்சர் என்னை இசை அறைக்கு அழைத்தார். உறையில்லாத தட்டு. யார் வாசித்தது என்று தெரியாது. ஒற்றைப் பியானோ. ஐந்தாறு சுரங்கள் சுற்றிச் சுற்றி வந்தன. வெகுநேரம் கழித்து அதில் ஒரு சுரம் விலகியது. மறுபடியும் சுற்று. "சி.டி. ஸ்க்ராட்ச் ஆயிட்டுது போல இருக்கே டீச்சர்" என்றேன். அவர் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"நானும் முதல்ல அப்படித்தான் சார் நெனச்சேன். மூணு நாள் கேட்டேன். நாலாம் நாள், ஸ்க்ராட்ச் எனக்குத்தான்னு தெரிஞ்சுது" என்றார்.

அதன்பின் அவர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினார். குறைந்த சுரங்களை வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல மாற்றி, அமைதியையும் இசையாகக் கணக்கில் எடுத்து வாசிக்கிறவர்கள் உலகத்தில் பல ஊர்களில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். தம்பி சில இசைப் புத்தகங்களை வாங்கி அனுப்பினார். பிறகு டீச்சரே ஒரு நீள நோட்டில் எழுத ஆரம்பித்தார். அவர் எழுதியது நாற்பது நிமிட இசை. மொத்தமே நாலு சுரம். ஒருநாள் அதைப் பற்றிச் சொன்னார்: "நாலு பேரு ஒரு வீட்டுல இருக்காங்கன்னு வையுங்க. புதுசா ஒருத்தரும் வரல்ல, ஒருத்தரும் போகல்ல. இருக்க இடம் மாறி மாறி இருக்காங்க, அவ்வளவுதான். அதக் கேக்கதுக்கு நாப்பது நிமிசம் வேணும்." நான் அதன் பொருள் என்ன என்று கேட்டேன். "தமிழ் சாருக்கு எல்லாத்துக்கும் பொழிப்புரை வேணும். இதுக்கு அது கிடையாது" என்றார்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதிய நாளைக் குறித்திருந்தார். நானே பார்த்திருக்கிறேன். அலை வருவதற்கு இரண்டு வருடம் முன்பே அந்த இசை எழுதி முடிக்கப்பட்டது. இதைப் பலர் அறிய எழுத எனக்கு எட்டு வருடம் ஆயிற்று.

டீச்சரின் தங்கை மெற்றில்டா. மெற்றில்டாவின் புருஷன் ஜெரோம், கடல் தொழில் செய்பவர். கரையை ஒட்டி வீடு. அவர்களுக்கு ஒரே பெண், ஆன்சி, ஏழு வயது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த அலை ஆன்சியைக் கொண்டுபோயிற்று. மூன்றாம் நாள் கிடைத்தாள். அடையாளம் சொல்வதற்கு மெற்றில்டாவோ ஜெரோமோ போகும் நிலையில் இல்லை. ரோஸ்லின் டீச்சர்தான் போனார்.

பள்ளி திறந்ததும் அவர் வந்தார், வழிபாட்டுக்கு வாசித்தார், வகுப்பெடுத்தார். சாயங்காலம் மணி அடித்ததும் பஸ் பிடித்து, அலையில் வீடு போனபின் தங்கை இருந்த தகரக் கொட்டகைக்குப் போய்விடுவார். யாராவது அனுதாபமாகக் கேட்டால் பேச்சை மாற்றுவார். என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார்: "மெற்றில்டாகிட்ட என்ன பேசணும்னு எனக்குத் தெரியல்ல சார். உலை வச்சுக் குடுக்கேன். துணி அலசிப் போடுகேன். அவளும் ஒண்ணும் கேக்க மாட்டா." ஒரு வருடம் முழுக்க இதைத்தான் செய்தார். அக்காவும் தங்கையும் அந்த வருடத்தில் இருந்ததுபோல எப்போதும் ஒட்டி இருந்ததில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறு வருடம் நவம்பரில் பள்ளி அரங்கத்தை ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் தரும்படி அவர் கேட்டார். பதினாறு வருடத்தில் அவர் கேட்ட முதல் காரியம். என்ன விசேஷம் என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். விசேஷம் ஒன்றும் இல்லை, வாசிக்க வேண்டும் என்றார். விழாப் பொறுப்பாளன் நான் என்பதால் நோட்டீஸ் வாசகத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். 'பியானோ இசை. வாசிப்பவர் ரோஸ்லின். சனிக்கிழமை மாலை ஆறு மணி. நாற்பது நிமிடம். இடையில் கைதட்ட வேண்டாம்.' அவ்வளவுதான்.

இதைப் பார்த்து யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அலை வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, அதோடு சேர்த்துவிட்டால் புரவலரைத் தலைமைக்குக் கூப்பிடலாம் என்று கரஸ்பாண்டன்ட் சொன்னார். அது அப்படிப்பட்ட இசை இல்லை என்று சொல்ல அந்த அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாண்டோர்க்கு என்பதற்கு மாலை என்று மோனை வந்து விழுந்ததும் எழுந்து ஒரு காப்பி குடித்தேன். 'உறவுகளை இழந்தோர் அனைவரும் வருக. மறைந்தோர் திருவுருவப் படங்களுடன் வருக' என்று கடைசி வரியையும் நானேதான் சேர்த்தேன். அதைச் சேர்க்கும்படி என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

அதோடு விடாமல், முட்டத்துக்கு நானே போனேன். ஞாயிறு பூசையில் வாசிக்கும்படி பங்குத்தந்தையிடம் ஒரு கட்டு கொடுத்தேன். கொட்டகை கொட்டகையாகப் போனேன். டீச்சர் ஒரு பாடகர் குழுப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதற்கு முன்பே வெளியூர் போயிருந்தார், நிகழ்ச்சி நாளன்று மதியம்தான் திரும்பினார். ஜெரோம் நோட்டீசை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். "ஆன்சிக்கப் பேரு சொல்லுவாவளா சார்?" என்று கேட்டார். கண்டிப்பாகச் சொல்வார்கள் என்றேன்.

நிகழ்ச்சி நாளன்று சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் டீச்சர் அந்த நோட்டீசைப் பார்த்தார். பியானோவைச் சரிபார்க்க வந்தவர், அரங்கத்துச் சுவரில் ஒட்டியிருந்ததன் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். இதை யார் எழுதியது என்று கேட்டார். மேலிடத்தில் அப்படித்தான் வேண்டும் என்றார்கள் என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இது ஆன்சிக்கு உள்ளது இல்ல சார். ஆன்சிக்கு நான் ஒண்ணும் எழுதல்ல. எழுத முடியல்ல."

நிகழ்ச்சியை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். கடற்கரையிலிருந்து வேன் கிளம்பியிருக்கும், இனி எப்படி நிறுத்துவது என்றேன். மெற்றில்டா வருகிறாளா என்று கேட்டார். வருகிறார்கள் என்றேன். குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். "அப்பம் தொடக்கத்துலயே மைக்கில சொல்லிருங்க. நினைவுக் கூட்டம் வேற, இது வேற, நோட்டீசுல தப்பா வந்துட்டுன்னு. அது மட்டும் செஞ்சு தாங்க" என்றார். செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆறு மணிக்கு இரண்டு வேன்கள் வந்தன. எல்லோரும் துவைத்து இஸ்திரி போட்ட உடுப்பில் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு கண்ணாடிப் படம். சிலவற்றில் பிளாஸ்டிக் மாலை. நாற்காலிகளில் உட்கார்ந்து படங்களை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் மெற்றில்டாவும் ஜெரோமும். ஜெரோமின் மடியில் ஆன்சி, பள்ளிச் சீருடையில். அதற்கு எதிரே, மேடை ஓரத்தில் புரவலர். நான் மைக்கைப் பிடித்தேன். புரவலர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கரஸ்பாண்டன்ட் கைகட்டி நின்றார். நோட்டீசில் தப்பாக வந்துவிட்டது என்று அந்த இடத்தில் என் வாயால் எப்படிச் சொல்வேன்? நோட்டீசில் இருந்ததையே உரக்க வாசித்தேன். கடற்கரைக்காரர்கள் சிலர் வாசிக்கும்போதே கண்ணைத் துடைத்தார்கள்.

டீச்சர் வந்து உட்கார்ந்தார். படங்களைப் பார்த்தார். தேவைக்கு மேல் சற்று நேரம் கையை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு ஆரம்பித்தார்.

முதலில் ஒரு சுரம். அது முழுக்க அடங்கியபின் இன்னொன்று. ஜனங்கள், கருவியைச் சரிபார்க்கிறார் என்று நினைத்துப் பொறுமையாக இருந்தார்கள். மூன்று நிமிடம், நாலு நிமிடம் ஆயிற்று. நாலு சுரங்களும் வந்துவிட்டன. ஒன்றையொன்று கடந்து போய்க்கொண்டிருந்தன. பாட்டு எப்போது வரும் என்று ஒரு குழந்தை தாயிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. பின்வரிசையில் ஒரு கிழவி ஜெபமாலையை எடுத்து முணுமுணுக்கத் தொடங்கினாள். யாரும் எழுந்து போகவில்லை, பேசவில்லை. கொஞ்சம் விட்டிருந்தால் அவர்கள் நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருப்பார்கள் என்று இப்போதும் நம்புகிறேன். இழவு வீட்டில் பேசாமல் உட்கார அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மெற்றில்டா உடம்பை முன்னால் சாய்த்து அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றாவது நிமிடத்தில் டீச்சர் கையைத் தூக்கினார். நோட்டில் அந்த இடத்தில் நீண்ட அமைதி இருந்தது. டீச்சர் சொல்லி எனக்கு அது தெரியும். புரவலருக்கு அருமனையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகவேண்டியிருந்தது. அவர் வாட்சைப் பார்த்தார். கரஸ்பாண்டன்ட் என்னைப் பார்த்துக் கையால் சைகை காட்டினார். நான் மைக்கில், "நெஞ்சை உருக்கும் இசையை வழங்கிய நம் பள்ளி ஆசிரியைக்கு நன்றி. புரவலர் அவர்கள் பொன்னாடை போர்த்திச் சிறப்பிப்பார்கள்" என்றேன்.

கைதட்டினார்கள். டீச்சர் கையைத் தூக்கியபடியே இருந்தார். அந்தக் கைக்கு மேல் பொன்னாடை விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். புரவலர் கால் மணி நேரம் பேசினார். பியானோ கொடுத்த கதையைச் சொன்னார், தகப்பனாரைச் சொன்னார், கடலின் சீற்றத்தைச் சொன்னார். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு நிமிட மௌன அஞ்சலி நடத்தினார். பிறகு கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார். அவரோடு வந்தவர்களும், வழியனுப்ப நிர்வாகத்தாரும் போனார்கள். நாற்காலி இழுபடும் சத்தம் அடங்கியதும் டீச்சர் பொன்னாடையை மடித்து ஸ்டூலின் கீழே வைத்துவிட்டு, முதல் சுரத்திலிருந்து மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிராது. ஜெரோம் எழுந்தார். சத்தம் போடவில்லை.

"மயினி, இது என்னதாக்கும்? எனக்க பிள்ளைக்கப் பேர ஒரு தடவையாவது சொல்லுவியன்னு படத்தயும் கொண்டு வந்தேன். எங்க எல்லாரயும் கூட்டி இருத்தி வச்சு டிங்கு டிங்குன்னு விளையாடிற்று இருக்கிய."

டீச்சர் எழுந்து நின்றார். அவர் ஜெரோமைப் பார்க்கவில்லை, மெற்றில்டாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மைக் என் கையில் இருந்தது. தப்பு என்னுடையது, நோட்டீஸ் நான் எழுதியது, இவருக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வாக்கியம். இருபத்து நாலு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்கு மூன்று வாக்கியம் வரவில்லை. "நாட்டுப்பண்" என்று அறிவித்தேன்.

டீச்சர் உட்கார்ந்து நாட்டுப்பண்ணை வாசித்தார். ஒரு சுரமும் பிசகாமல் முழுவதும் வாசித்தார். கடற்கரை ஜனம் பாதிப்பேர் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது காதில் விழுந்ததும் இருந்த இடத்திலேயே படங்களோடு விறைத்து நின்றார்கள். முடிந்ததும் போனார்கள். ஜெரோம் மெற்றில்டாவின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். வாசலில் மெற்றில்டா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அதோடு தங்கை வீட்டு வாசல் டீச்சருக்கு அடைபட்டது. மயினி இந்தப் படி ஏறினால் தான் இறங்கிவிடுவேன் என்று ஜெரோம் சொல்லிவிட்டார். டீச்சர் மாதம் ஒரு முறை முட்டம் போவதை நிறுத்தவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஆன்சிக்கு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு, தங்கை குடியிருந்த தெருவைத் தாண்டி நடந்து அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். பள்ளியில் ஆசிரியர் அறையில் அவருக்கு 'டிங்கு டிங்கு' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் சிலர் இந்த மலரில் எழுதுகிறீர்கள். நானும் ஓரிரு தடவை சிரித்திருக்கிறேன். கடற்கரை ஜனங்களின் துக்கத்தோடு விளையாடியவர் என்ற பேச்சு ஊரில் இருந்தது. காலம் போகப் போக அந்தப் பேச்சு மங்கி, அவரே இரங்கலிசை நடத்தியவர் என்று மாறிவிட்டது. இரண்டுமே பொய். இரண்டுக்கும் மூலம் என் நோட்டீஸ். அதை யார் எழுதியது என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னோடு முன்போலவே பேசினார். மார்ச் மாத அறிக்கைகளைத் தமிழ் திருத்த என்னிடமே கொண்டுவந்தார்.

நான் ஓய்வுபெற்ற வருடம், அந்த நாற்பது நிமிடத்தை எனக்கு மட்டுமாவது ஒருநாள் வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். "அத வாசிச்சாச்சு சார்" என்றார்.

போன வருடம் அவருக்கு நோய் தெரியவந்தது. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். தம்பி லீவு போட்டு வந்து கூட இருந்தார். இரண்டாவது தடவை, தம்பி மருந்து வாங்கப் போன நேரத்தில், துணிந்து அந்த நோட்டீஸ் பேச்சை எடுத்தேன். நான்தான் எழுதினேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கையசைத்தார். "எங்கிட்ட எதுக்கு சார் சொல்லுதிய? எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு பஸ் கிடைத்ததா, ரயிலா என்று விசாரித்தார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக ஊர் திரும்பினேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அடக்கத்துக்கு நல்ல கூட்டம். புரவலர் மலர்வளையம் அனுப்பியிருந்தார். ஜெரோம் வந்து ஆண்களோடு தள்ளி நின்றார். மெற்றில்டா பெட்டியின் தலைமாட்டில் நின்றார். பேச வேண்டும் என்று நான் அன்று நினைத்தேன். கூட்டத்தைக் காரணம் சொல்லித் திரும்பிவிட்டேன். ஏழாம் நாள் பூசைக்குப் போனவன், முடிந்ததும் அவர்களுக்குக் கட்டிக்கொடுத்த புது வீட்டுக்கே போனேன். ஜெரோம் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். இப்போது கடலுக்குப் போவதில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் எழுதித் தந்த துண்டுத் தாளில் என்ன இருந்தது, நான் அதை என்ன செய்தேன், ஆன்சி பேரைச் சொல்வார்கள் என்று அவரிடம் எதற்காகச் சொன்னேன், மைக்கில் சொல்லச் சொல்லி டீச்சர் என்னிடம் வாக்கு வாங்கியது, எல்லாம். ஜெரோம் கேட்டு முடித்து, சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போய்விட்டார்.

மெற்றில்டா சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார்.

டீச்சர் சொன்னாரா என்று கேட்டேன்.

"அக்கா ஒண்ணும் சொல்லல்ல. நோட்டீசுல கெடந்த தமிழு அக்காவுக்கு வராது. நீங்கதான்னு அண்ணைக்கே தெரியும். இவியகிட்டச் சொல்லிப் பாத்தேன். அக்காவுக்கு வேண்டிப் பேசுகேன்னு சொல்லிற்றாவ. நீங்க வந்து ஒரு வாக்கு சொல்லியிருந்தா கேட்டிருப்பாவ."

எனக்கு ஆளனுப்பியிருக்கலாமே என்றேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தது. மெற்றில்டா அதற்கும் பதில் சொன்னார்.

"அனுப்பட்டான்னு போன்ல அக்காட்டக் கேட்டேன் சார். இவிய இல்லாத நேரம் நாங்க போன்ல பேசிக்கிடுவோம். வேண்டாம்னு சொல்லிற்றா. 'சார் வருவாவ, அவியளா வரட்டும்'னா. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதத்தான் சொல்லுவா."

காப்பி போட்டுத் தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ரோஸ்லின் டீச்சரிடமிருந்து என்ன வைத்திருக்கிறேன் என்று மலரின் வழக்கப்படி நானும் சொல்ல வேண்டும். அவருடைய இசை என்னிடம் இல்லை. அந்தப் பதினொரு நிமிடமும் நான் கூட்டத்தின் முகத்தையும் புரவலரின் முகத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுரமும் நினைவில் நிற்கவில்லை. நீள நோட்டு தம்பியிடம் இருக்கிறது. அதை வாசிக்க எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது, என்னைப் பற்றி அவர் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரு வாக்கியம்தான். எனக்குத் தெரிந்த அத்தனை பேரிலும் என்னைப் பற்றி அவ்வளவு நல்ல எண்ணம் வைத்திருந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். எட்டு வருடம் வைத்திருந்தார்.

நாகர்கோவிலிலிருந்து முட்டத்துக்கு முக்கால் மணி நேரம்தான் பஸ்.